பக்கமொட்டு கிள்ளுகிறவள்

வலது கைப் பெருவிரல் நகத்தை மட்டும் அக்கா வெட்டமாட்டாள். மற்ற ஒன்பதும் ஒட்ட வெட்டியிருக்கும். அந்த ஒன்று மட்டும் நீண்டு, ஓரத்தில் கரும்பச்சைக் கறையோடு, சின்னக் கரண்டி மாதிரி வளைந்திருக்கும். சாப்பிடும்போது அந்த விரலைச் சோற்றில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். கேட்டால், "இது என்னோட விரல் இல்ல, கம்பெனி விரல்" என்பாள்.

கம்பெனி என்றால் ரோஜாப் பண்ணை. ஓசூரைச் சுற்றி மற்றவர்கள் எல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நாங்கள் பூவோடு மல்லுக்கட்டினோம். பிளாஸ்டிக் கூரை போட்ட நீளநீளக் கூடாரங்கள். ஒவ்வொன்றையும் 'ஹவுஸ்' என்போம். வெளிநாட்டுக்குப் போகிற ரோஜா ஒரு தண்டுக்கு ஒரு பூதான் இருக்க வேண்டும். நடு மொட்டுக்குக் கீழே, இலைக் கணுவில், கேட்காமலே முளைக்கிற பக்கமொட்டுகளை எல்லாம் கிள்ளி எறிய வேண்டும். விட்டால் நடுப் பூ சிறுத்துப் போகும். அதற்காகத்தான் அந்த நகம்.

நான் சிங்காரப்பேட்டையிலிருந்து கல்யாணமாகி வந்து ஆறு மாதம். இரண்டாயிரம் பிறந்த புதுசு. வேலைக்குப் போன முதல் நாள் என்னை அக்காவுக்குப் பக்கத்து வரிசையில் நிறுத்தினார்கள். உறவு ஒன்றும் இல்லை, பண்ணையே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். என் கையைப் பிடித்து ஒரு கணுவில் வைத்தாள்.

"இங்க பாரு புள்ள. இது அரிசி. இப்ப கிள்ளினா செடிக்கே தெரியாது. பாவம் பாத்து வுட்டன்னு வெய்யி, நாலு நாள்ல பட்டாணி ஆயிடும். அப்ப கிள்ளினா தழும்பு வுழும். தழும்பு வுழுந்த தண்ட ஒருத்தனும் வாங்கமாட்டான்."

சொல்லிக்கொண்டே அவள் விரல் தண்டு முழுக்க ஓடி முடிந்துவிட்டது. கண் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. விரலுக்குத் தனியாகக் கண் இருக்கிறதோ என்று நினைத்தேன்.

பழமொழி சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். நான் எட்டாவதோடு நின்றவள். படித்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். அக்காவிடம் கேட்டதை மட்டும் எழுதினாலே ஒரு நோட்டு நிறையும். அவள் ராயக்கோட்டைப் பக்கம். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம். அந்த ஆள் வரிசைக்குப் பின்னால் நின்று "பேகா, பேகா" என்று விரட்டுவான். அக்கா அவனுக்குக் கன்னடத்தில் தேனாகப் பதில் சொல்வாள்; தெலுங்கில் அவன் பரம்பரையைத் திட்டுவாள்; தமிழில் எங்களுக்கு அதை விளக்குவாள். "மூணு பாஷை தெரிஞ்சவ மூணு புருஷன் கட்டுனவ மாதிரி. யார்கிட்ட எதச் சொன்னோம்னு நெனப்பு இருக்கணும்" என்பாள். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும்.

நாங்கள் இருந்த லைன் வீட்டில் எட்டு வாசல், ஒரு குழாய். அக்கா வாசலும் என் வாசலும் ஒட்டினாற்போல இருந்தன. எனக்கு முதல் கரு தங்காமல் போனபோது என் துணியை அலசிப் போட்டது என் வீட்டு மனுஷர்கள் இல்லை, அக்காதான். ஒன்பது நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். கடைசி நாள் என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளி, "எந்திரி, போதும் அழுதது" என்றாள். அவள் பிரியமும் கிள்ளுதான், கண்டிப்பும் கிள்ளுதான். வித்தியாசம் வலியை வைத்து நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் வீட்டுக்காரர் இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்டில் இருந்தார். வருஷக்கணக்கில் அந்தச் சத்தத்தில் நின்று காது பாதி போய்விட்டது. "எம் பேச்சுக்கு ஏத்த காது" என்பாள். இரண்டு பிள்ளைகள். பெரியவள் ரேணுகா. அவளுக்கு ஒரு வயது இளையது மஞ்சு. பள்ளிக்கூடத்தில் மஞ்சுநாத் என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கம் மஞ்சு என்று கூப்பிட்டால் நாலு பையனும் திரும்புவான், நாலு பெண்ணும் திரும்பும். பேரில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு நாங்கள் எல்லாரும் 'அவன்' என்றோம். இப்போது எனக்கு அந்தச் சொல் வாயில் வருவதில்லை. மஞ்சு என்றே எழுதுகிறேன்.

நான் போனபோது மஞ்சுவுக்கு ஒன்பது வயது. தலையில் துண்டைக் கட்டி முடி மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, குழாயடியில் சண்டை போடுகிற பெண்களை அப்படியே செய்து காட்டும். எட்டு வாசலும் சிரிக்கும். அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டுச் செய்யச் சொல்வாள். "இன்னொரு தபா காட்டு, நம்ம வூட்டு ஓனரம்மா எப்படி வாடகை கேக்கும்?" மஞ்சு செய்யும். இல்லாத பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, கழுத்தை ஒரு வெட்டு வெட்டும். ஓனரம்மாவே ஒருநாள் பார்த்துவிட்டுச் சிரித்தது.

ஒருநாள் காலை, தண்ணீர் வந்த நேரம், கடைசி வாசலில் இருந்த ஆள் மஞ்சுவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். சொல்லிவிட்டு உள்ளங்கையை விரித்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். ஆனால் சிரித்தபடியே குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் பண்ணையில் என்னிடம் கேட்டாள்: "புள்ள, எனக்குப் பொண்ணு ஒண்ணு இருக்குது. தம்பி இப்படின்னு ஒரு பேச்சு கெளம்புச்சுன்னா ரேணுகாவ எவன் கட்டுவான்?"

"சின்னப் புள்ளக்கா. வளந்தா சரியாப் போயிடும்."

"வளந்தா பட்டாணிடி" என்றாள்.

அன்று சாயங்காலம் தொடங்கினாள்.

அவள் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நினைவு இருக்காது. கோபமே கிடையாது. வாசலில் உட்கார்ந்து எங்களோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் மஞ்சு வீட்டுப்பாடம் எழுதும். சிரிப்பு வந்து மஞ்சு புறங்கையை வாயில் வைக்கும். அக்காவின் கை போகும், வரும். பேச்சு நிற்காது, முகம் திரும்பாது. மஞ்சு கையை வாயிலிருந்து இறக்கும். அவ்வளவுதான். இடுப்பில் கை வைத்தால் மேல்கையின் உள்பக்கம். தலையைச் சாய்த்தால் விலாவோரம். காலை ஒடுக்கி உட்கார்ந்தால் தொடை. எல்லாமே பள்ளிச் சட்டையும் டவுசரும் மறைக்கிற இடங்கள். செடியில் இலை கிழியாமல் கிள்ளத் தெரிந்தவளுக்கு இது பெரிய வேலையா?

மஞ்சு அழுது நான் பார்த்ததில்லை. முதல் ஒரு மாதம் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு நிற்கும். அப்புறம் அதுவும் இல்லை.

"நீயும் கண்டா கிள்ளு" என்று எனக்கும் சொல்லிவைத்தாள். "நான் ஒருத்தி எவ்வளவுதான் பாக்கறது. நீயும் சித்தி மாதிரிதானே."

நான் கிள்ளமாட்டேன் என்று சொல்லவில்லை. கஞ்சி குடித்த வாய். ஒருநாள் மதியம் அக்கா இல்லாதபோது மஞ்சு என் வாசலில் நின்று என் தாவணிக் காலத்துப் போட்டோவைப் பார்த்துக்கொண்டு, ஒரு காலை வளைத்து, இடுப்பில் கை ஊன்றியிருந்தது. நான் போய் மேல்கையின் உள்பக்கம் கிள்ளினேன். என் விரலுக்குத் தட்டுப்பட்டது தோல் மாதிரியே இல்லை. காய்த்துப்போய், தேய்ந்த செருப்பின் ஓரம் போல இருந்தது.

மஞ்சு போட்டோவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது: "அங்க வலிக்காது சித்தி. கொஞ்சம் கீழ கிள்ளுங்க."

அதற்குப் பிறகு நான் கிள்ளவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அக்காவிடம் போய் வேண்டாம் என்று சொன்னேனா என்றால், அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நடை. அவள் வீட்டுக்காரரின் பழைய சேஃப்டி ஷூ ஒரு ஜோடி கிடந்தது. முன்னால் இரும்புத் தொப்பி வைத்த, ஒவ்வொன்றும் ஒரு படி அரிசி கனம் கனக்கிற ஷூ. அதற்குள் எண்ணெய் துடைக்கிற பஞ்சுத் துணியைத் திணித்து மஞ்சுவின் காலில் மாட்டினாள். குழாயிலிருந்து கக்கூஸ் வரைக்கும் போக, வர. எண்ணிக்கை அக்கா கையில். கீரை ஆய்ந்துகொண்டே உத்தரவு போடுவாள்.

"குதிகால ஊணு. ஊணுடா. லாரிக்காரன் டீ குடிக்க எறங்கறான் பாரு, அப்படி."

டக், டக் என்று மஞ்சு நடக்கும். எட்டு வாசலும் உட்கார்ந்து பார்க்கும். ஞாயிறு படம் போடுவதற்கு முன்னால் இது ஒரு படம்.

"போலீஸ்ல சேக்கப் போறியாக்கா?" என்பார்கள்.

"சேந்தா நல்லதுதான். உன் புருஷனத்தான் மொதல்ல புடிப்பான்."

இப்படிச் சிரித்துக்கொண்டே நடந்ததுதான் எல்லாம். ரெண்டு மாதத்தில் மஞ்சுவுக்கு அந்த நடை வந்துவிட்டது. கண்ணை மூடிக் கேட்டால் யாரோ ஷிப்ட் முடிந்து வருகிறார் என்று நினைப்போம். ஆனால் கக்கூஸ் சுவர் வரை போய்த் திரும்புகிற இடம் இருக்கிறதே, அங்கே பாவாடை சுழலுகிற மாதிரி ஒரு திரும்பல். ரெண்டு இரும்பையும் காலில் கட்டிக்கொண்டு அப்படித் திரும்ப யாராலும் முடியாது. அக்கா கீரையைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தாள்.

"நட வந்துருச்சு. திரும்பறதுதான் வரல" என்றாள். கணக்குப் பாடத்தில் ஒரு சொச்சம் இடித்தால் வாத்தியார் சொல்வாரே, அந்தக் குரலில்.

ரோஜாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கழுத்து வளைந்த பூக்களைப் பண்ணையில் தள்ளிவிடுவார்கள். சாப்பாட்டுப் பையில் நாலைந்து ஒளித்துக் கொண்டுவருவோம். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. மருந்து அடித்த ஹவுஸ் வாசலில் சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள். அதை அவிழ்க்கும்வரை உள்ளே போகக் கூடாது, அங்கிருந்து பூ எடுக்கக் கூடாது. எங்கள் கூட்டத்தில் அதற்குக் காவல்காரி அக்காதான். கை கழுவாமல் சோற்றுப் பெட்டியைத் திறந்தால் கையிலேயே ஒரு அடி வைப்பாள். அவள் சொல்லித்தான் எனக்கே அந்தப் பழக்கம் வந்தது.

பிப்ரவரி மாதம், வெளிநாட்டு ஆர்டருக்காக ராப்பகலாகப் பூ வெட்டிய சமயம். சிவப்புத் துணி கட்ட நேரமில்லை, அவிழ்க்கவும் நேரமில்லை. அக்கா நாலு பூ கொண்டுவந்து ரேணுகாவுக்குத் தந்தாள். ரேணுகா ஒன்றை வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு மஞ்சுவுக்குக் காய்ச்சல் என்று லீவு. நானும் அக்காவும் மதிய வண்டியில் திரும்பி வந்தபோது மஞ்சு கண்ணாடி முன்னால், தலையில் துண்டு, காதோரம் ஒரு ரோஜா.

அக்கா கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பூவை எடுத்தாள்.

"பூவு மேல ஆசையா?"

மஞ்சு தலைத் துண்டை மெல்ல உருவியது.

"ஆசைன்னா தின்னு. வயித்துக்குள்ள போச்சுன்னா யாருக்கும் தெரியாது."

ஒவ்வொரு இதழாகப் பிய்த்துக் கொடுத்தாள். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. மஞ்சு ஒவ்வொன்றாக மென்று விழுங்கியது. நடுவில் அக்கா தண்ணீர்கூடக் கொடுத்தாள். நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் தோன்றவில்லை. இதை நூறு தடவை யோசித்துவிட்டேன். பகல் முழுக்க மருந்து வாசனையில் நிற்கிற எங்கள் இருவரில் ஒருத்திக்கும் அந்தப் பூ மருந்தில் முக்கியது என்று தோன்றவில்லை.

ஒரு மணி நேரத்தில் வாயில் எச்சில் நிற்காமல் வழிய ஆரம்பித்தது. வாந்தி. கண்மணி ஊசிமுனை போலச் சிறுத்துவிட்டது. அக்கா தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆட்டோ நிற்கக்கூட இல்லை, தானே குறுக்கே போய் நின்று நிறுத்தினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன சாப்பிட்டான், யார் கொடுத்தது?" என்று கேட்டார். அக்காவின் மூன்று பாஷையும் அன்றைக்கு எங்கோ போய்விட்டது. படுத்திருந்த மஞ்சுதான் சொன்னது:

"ரோசாப்பூ சார். பண்ணைப்பூ, மருந்து அடிச்சது. நானாத்தான் தின்னேன். இனிக்கும்னு நெனச்சேன்."

டாக்டர், "இவ்வளவு பெரிய பையன், அறிவு வேணாம்?" என்று திட்டிக்கொண்டே ஊசி போட்டார். மூன்று நாள் வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் பண்ணை வண்டியில் அக்கா என் காதருகே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் கை கழுவச் சொல்ற எனக்கு அது நெனப்பு வரல பாரு புள்ள." நான் அவள் கையைப் பிடித்தேன். உடனே உருவிக்கொண்டு, "வுடு, பேசாத" என்றாள். இந்தப் பிள்ளைக்கு இனிமேல் விடுதலை என்று நான் நினைத்தேன். ஒரு வாரம் அவள் கை போகவில்லை. எட்டாம் நாள் மஞ்சு குபீரென்று சிரித்துப் புறங்கையை வாயில் வைத்தபோது, போனது.

பதினைந்து முடிந்தபோது மஞ்சுவின் மேலுதட்டில் கருப்பு கட்டியது. அக்கா கால் கிலோ ஜிலேபி வாங்கி எட்டு வாசலுக்கும் கொடுத்தாள். மஞ்சுவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, "பாரு, பாரு, மொளச்சிருக்குது பாரு" என்று காட்டினாள். கடைசி வாசல் ஆளுக்கு ரெண்டு ஜிலேபி. மஞ்சு கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் உதட்டுக்கு மேலே ஒரு முடியும் இல்லை. சிவப்புப் புள்ளி புள்ளியாகத் தடித்திருந்தது. அக்கா மஞ்சுவின் கையைப் பிடித்துத் திருப்பினாள். வலது கைப் பெருவிரல் நகம் நீண்டு வளைந்திருந்தது. ஒவ்வொரு முடியாக, முளைக்க முளைக்க, வேரோடு.

"நீதானம்மா சொன்ன" என்றது மஞ்சு. குரல் உடைந்துகொண்டிருந்த சமயம். "அரிசியா இருக்கறப்பவே கிள்ளிடணும்னு."

அக்கா உள்ளே போய்ப் பண்ணையில் தண்டு வெட்டுகிற கட்டரை எடுத்து வந்தாள். விரலைப் பிடித்து நகத்தை வெட்டினாள். நகத்தோடு நிற்கவில்லை. ரத்தம் வாசலில் சொட்டியது. அவள் வீட்டுக்காரர் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார். ரத்தத்தைப் பார்க்கக் காது தேவையில்லையே. அவருக்குக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த வாரம் மஞ்சு போய்விட்டது. அத்திப்பள்ளி பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். அந்த எல்லையைத் தாண்டினால் பெங்களூர். அக்கா தேடவில்லை. "மைசூர்ல எங்க சொந்தக்காரங்க மில்லுல சேத்து வுட்டிருக்கேன்" என்று எட்டு வாசலுக்கும் ஒரே மாதிரிச் சொன்னாள். ரெண்டு மாதத்தில் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு ஊரின் மறுபக்கம் போய்விட்டாள். யாருக்கும் எதுவும் தெரியாத தெரு. பண்ணையில் மட்டும் என் பக்கத்து வரிசையிலேயே இருந்தாள்.

ரேணுகாவைப் பெண் பார்க்க மத்தூரிலிருந்து வந்தார்கள். பையன் மோட்டார் கம்பெனியில் பெர்மனன்ட். நானும் சித்தி முறையில் போய் உட்கார்ந்திருந்தேன். பையனின் அத்தைக்காரி துருவித் துருவிக் கேட்கிற மனுஷி. "ஒரே பொண்ணா?"

"பின்னாடி ஒரு பையன் இருந்தான்" என்றாள் அக்கா. "காய்ச்சல்ல போயிட்டான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உள்ளே ரேணுகா காபி டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் கேட்டிருக்கும்.

எந்த ஊரில் இருந்தாலும் மஞ்சு மாதம் ஒருமுறை என் வீட்டுக்காரரின் செல்லுக்குப் போன் பண்ணும். தன்னைப் போல ஏழெட்டுப் பேர் இருக்கிற வீட்டில் சமையல். "நான் சாம்பார் வெச்சா தெருவே கேக்குது சித்தி." குரல் மாறியிருந்தது, யாரும் கிள்ளாத குரல். இனி நானும் அவள் என்றே சொல்கிறேன். ரேணுகாவின் கல்யாணத்தை நான்தான் சொன்னேன். "அம்மாகிட்ட கேளுங்க. ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிடறேன். உள்ள வரலாமான்னு மட்டும் கேளுங்க" என்றாள்.

கேட்டேன். எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிற அக்கா அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்றால் வாயைத் திறந்து சொல்லியிருப்பாள், அவளுக்கென்ன பயம் என்று நானாக முடிவு பண்ணினேன். "வரச் சொல்லிட்டாங்க கண்ணு" என்று போனில் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. நான் செய்த தப்பு அதுதான்.

ராயக்கோட்டை ரோட்டில் சின்ன மண்டபம். தாலி கட்டி முடிந்து, சொந்தங்கள் அட்சதை போட வரிசையில் நின்ற நேரம். மஞ்சு வந்தாள். கிளிப்பச்சைப் பட்டு, அளவாகப் பூ, கையில் ஒரு சின்னத் துணிப்பை. ரேணுகாவுக்குக் கொலுசு என்று போனிலேயே சொல்லியிருந்தாள். யார் வீட்டு விசேஷத்துக்கும் வருகிற ஒரு மூத்த நாத்தனார் மாதிரி, அடக்கமாக, வரிசையின் கடைசியில் வந்து நின்றாள். முகம் அப்படியே அக்கா முகம்.

அந்த அத்தைக்காரி கண்ணுக்குத்தான் முதலில் பட்டது. "இது யாரு சம்பந்தி? உங்க ஜாடை அடிக்குதே" என்றாள்.

அக்கா திரும்பினாள். மூன்று வருஷம் கழித்துத் தன் பிள்ளையைப் பார்க்கிறாள். இமைகூட அசையவில்லை.

"ஜாடையா? நல்லா பாருங்க சம்பந்தி. இவங்க ஆசீர்வாதம் பண்றவங்க. இந்த ரோட்டுல கடை கடையா வருவாங்க. முகூர்த்தம்னா மோப்பம் புடிச்சு வந்துருவாங்க." மஞ்சுவிடம் திரும்பி, "வாங்கம்மா. வந்ததுதான் வந்தீங்க, பொண்ணு மாப்பிள்ளைக்கு நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் கடை திறந்தாலும் கல்யாணம் நடந்தாலும் அவர்கள் வாயால் வாழ்த்து வாங்குவது ராசி. அத்தைக்காரிக்கு ஒரே சந்தோஷம். "அட, நல்ல சகுனம். சுத்திப் போடச் சொல்லுங்க. ஏம்மா, கையத் தட்டி நல்லா வாழ்த்து. என்ன கூச்சம் உனக்கு?"

மஞ்சு தன் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் மேடையில் ரேணுகாவைப் பார்த்தாள். ரேணுகா தன் கை மருதாணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே அப்பா பந்திக்கு இலை எண்ணிக்கொண்டிருந்தார்.

மஞ்சு துணிப்பையை என் கையில் கொடுத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். உள்ளங்கையை விரித்து ஒரு தட்டுத் தட்டினாள். மண்டபம் திரும்பிப் பார்த்தது. "மகராசியா இருடி ராசாத்தி" என்று கட்டைக் குரலில் கூவிக்கொண்டு மேடை ஏறினாள். கல்யாணப் பெண்ணின் தலையில் அட்சதை போடக் கூடப்பிறந்தவர்கள் வருவார்களே, அப்படி வரவில்லை. மாப்பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, "எங்க தங்கத்த பத்திரமா வெச்சுக்க, இல்ல நான் கட்டிக்கினு போயிடுவேன்" என்றாள். மாப்பிள்ளைக்கு வெட்கம் வந்து எல்லாரும் சிரித்தார்கள். ரேணுகாவைச் சுற்றித் திருஷ்டி கழித்து, நெற்றிப்பொட்டில் பத்து விரலையும் வைத்துச் சொடுக்கினாள். அத்தைக்காரி தன் பேத்தியையும் கொண்டுவந்து நிறுத்தி வாழ்த்து வாங்கிக்கொண்டாள்.

அக்கா ஒரு தட்டில் அரிசி, தேங்காய், வெற்றிலை வைத்து, அவர்களுக்குக் கொடுக்கிற மாதிரியே வாசலில் வைத்துக் கொடுத்தாள். "கெளம்புங்கம்மா. பந்தி ஆரம்பிக்கப் போவுது." சாப்பிடச் சொல்லவில்லை. பச்சரிசி வாங்கினவர்களை யாரும் இலையில் உட்காரவைப்பதில்லை.

நான் பின்னாலேயே பஸ் ஸ்டாப் வரை ஓடினேன். "நான்தான் கண்ணு தப்பாச் சொல்லிட்டேன். உங்கம்மா வரச் சொல்லவே இல்ல" என்றேன்.

"தெரியும் சித்தி. உள்ள வந்ததும் அம்மா மூஞ்சியப் பாத்தேன், தெரிஞ்சிருச்சு." தேங்காயை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "ரேணுகா அழகா இருந்தாள்ல? கொலுச எப்படியாவது போட வெச்சுடுங்க." பெங்களூர் பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

கொலுசை அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதைத் தட்டில் வைத்து, "பொண்ணோட சித்தி போடறது" என்று எல்லாருக்கும் காட்டினாள். அத்தைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காலத்துல எந்தச் சித்தி இவ்வளவு செய்யறா" என்றாள். நான் சிரித்து வைத்தேன்.

திங்கட்கிழமை பண்ணையில் சாப்பாட்டு நேரம். கொட்டகையில் அக்கா எல்லாருக்கும் ஆளுக்கொரு கல்யாண லட்டு கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இனி இவளோடு பேசக் கூடாது என்று வரும் வழியெல்லாம் நான் தீர்மானம் பண்ணியிருந்தேன். அவள் என் தோளில் தோளால் இடித்தாள். முகம் பூரித்துக் கிடந்தது. பிள்ளை பள்ளியில் முதலாவதாக வந்த தாய்க்கு அப்படி ஒரு முகம் வரும்.

"பாத்தியா புள்ள? ஒரு ஆளுக்குச் சந்தேகம் வரல. அந்தக் கெழவிக்கே வரலன்னா பாத்துக்க. சொல்லிக் குடுத்த மாதிரி என்னா சுத்தமா செஞ்சுது, எம் புள்ள."

பத்து வருஷத்தில் மஞ்சுவைப் பற்றி அவள் சொல்லி நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை.

நான் லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "ஆமாக்கா" என்றேன்.